கரடிக்கு முந்திரிக்கொத்து

டப்பாவின் மூடி இறுக்கமான மூடி, இயேசப்பா, அது உமக்கே தெரியும். கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால்தான் வரும், மழைக்காலத்தில் அதற்கும் வராது, வீட்டுக்காரர் வாசப்படியில் இரண்டு தட்டுத் தட்டித்தான் திறந்து தருவார், அப்படிப்பட்ட மூடியை ஒரு கரடி எப்படித் திறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்சீட்டில் என் மகன் ஆசீர் போனிலிருந்து தலையெடுக்காமல் சொல்கிறான், "கார் கதவையே திறந்துரும்ப்பா. கைப்பிடிய நகத்தால மாட்டி இழுக்குமாம். வாசனை வந்துட்டா அம்புட்டுதான்." எனக்காகச் சொல்லவில்லை. பெட்ரோல் போட்ட இடத்தில் சுவரில் ஒரு படம், கார் ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்த கரடி, அதை முன்சீட்டிலிருந்து அவன் அப்பா பார்த்துவிட்டு "என்னடே, சினிமா போஸ்டரா" என்று கேட்டார், அதற்கு விளக்கம். அந்த விளக்கம் அங்கேயே நின்றிருக்கக் கூடாதா. "மனுசன் சாப்பாட்ட ஒருவாட்டி ருசி பாத்துட்டா, அது திரும்பத் திரும்ப மனுசன் இருக்கிற இடமாத் தேடி வரும். கடைசில வேற வழியில்லாமச் சுட்டுருவாங்க. கரடி மேல தப்பே இல்ல. முதல்ல கொடுத்த ஆள் மேலதான் தப்பு." நான் மடியில் பீன்ஸ் வைத்து நார் உரித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரிப் பொரியலுக்கு. கை உரிக்கிறது. முதலில் கொடுத்த ஆள் இங்கே உட்கார்ந்து நார் உரிக்கிறாள் என்று இந்த வண்டியில் உம்மையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

வண்டி என்றால் இது வண்டி இல்லை, வீடு. அடுப்பு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கழுவுகிற தொட்டி, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் இருக்கிறது, எல்லாம் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆர்வி என்று ஆசீரும் ஷீபாவும் சொல்கிறார்கள், இவர் வீட்டு பஸ் என்கிறார். நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் ஆசீர் வேலை பார்க்கிற இந்தத் தேசத்து மலையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டுகிறது என் மருமகள் ஷீபா. காலமெல்லாம் பாபநாசம் ரூட்டில் அரசு பஸ் ஓட்டியவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வளைவு வந்தால் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது, மிதித்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்க்கிறார். நான் பார்த்துவிட்டேன், சிரிக்கவில்லை. அப்புறம் இந்த விளையாட்டு. ஜியோகேச்சிங்காம். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு பெட்டியை மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை மட்டும் போனில் போட்டுவிடுகிறார். தேடிப் போகிறவர்கள் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதி, பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈடாக ஒன்றை வைத்து, இருந்தது இருந்த மாதிரியே ஒளித்துவிட்டு வர வேண்டும். வழியில் போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. பரிசு கிடையாது, பணம் கிடையாது. இவர் முதல் நாளே சொன்னார், "வேலையத்தவன் ஒளிச்சு வைக்கான், வேலையுள்ளவன் பெட்ரோலப் போட்டுத் தேடுதான்." ஆனால் இந்த வீட்டு வண்டிக்காரர்களுக்கு, எங்கள் வயசுக்காரர்கள்தான் பாதிப் பேர், அதுவே ஊழியம் மாதிரி. எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு பெட்டி. சாயங்காலம் தங்குகிற இடத்தில் எந்த ஊர் என்று கேட்பதில்லை, இன்றைக்கு எத்தனை கிடைத்தது என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கும் அது பிடித்துப்போனது, ஒளிக்காமல் சொல்கிறேன். பெட்டிக்காக இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து நான் போன் பண்ணினால் ஆசீர் 'ம்' என்பான், 'சரிம்மா' என்பான், 'வைக்கட்டா' என்பான், அந்த மூன்றையும் வைத்து நான் ஒரு வாரம் ஓட்ட வேண்டும். அந்தப் பிள்ளை இங்கே என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "எம்மா, அந்த வேருக்கு அடியில கைய விட்டுப் பாரேன், எனக்குப் பயமா இருக்கு" என்கிறான். பாம்பு இருக்குமோ என்று எனக்கும் பயம்தான், விட்டேன். கிடைக்கவில்லை, சிரித்தோம். எட்டு வயசில் சிரித்த மாதிரியே சிரிக்கிறான், ஒரு பக்கத்துக் கண் மட்டும் முதலில் சுருங்கும். இன்று காலையில் பைன் மரங்களுக்கு நடுவே நிறுத்தினோம், கீழே ஏரி. போன் ஒரு பெரிய பாறையைக் காட்டியது, மூன்று பேரும் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், இவர் கூட 'எனக்கு இதெல்லாம் எதுக்கு' என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். நான் பாறையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தேன். அதன் அடியில் பட்டைகள் கிடந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, விறகு அடுக்கினது போல. மரத்திலிருந்து தானாக விழுகிற பட்டை அப்படியா விழும். அது ஒரு கை அடுக்கினது. ஒளித்து வைக்கிற கையை எனக்குத் தெரியும், இயேசப்பா, கிறிஸ்மஸ் பலகாரத்தை இந்தப் பிள்ளைக்கும் இவன் அக்கா பியூலாவுக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, மேலே அரிசியை என்னமோ தானாகக் கிடக்கிறது போல பரத்திவிட்ட கை இது. அப்போதெல்லாம் கண்டுபிடிக்கிறவன் அவன். பட்டையை விலக்கினேன். பட்டாளத்துக்காரர் பெட்டி மாதிரி பச்சை இரும்புப் பெட்டி. "ஆசீரு" என்றேன், மெதுவாகத்தான், யாரும் பார்த்துவிடக் கூடாதே. அவன் வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "எம்மா, நீயா." அவ்வளவுதான் சொன்னான். தாளில் என் பெயரை என்னையே எழுதச் சொன்னான், தமிழிலேயே எழுதச் சொன்னான். வேதக்கனி என்று எழுதினேன். எட்டாவது பரீட்சையில் எழுதினது போலக் குண்டு குண்டாக வந்தது.

அங்கேதான் வந்தது வினை. உள்ளே சாவிக்கொத்து, பொம்மைக் கார், ஏதோ தேசத்துக் காசு, அதற்கு அடியில் ஒரு ஆட்டுக்குட்டி, சுண்டுவிரல் பெரிசு, ஒரு காது உடைந்தது. அதை எடுத்துக்கொண்டேன். காது உடைந்ததை யார் எடுக்கப் போகிறார்கள். ஈடாக வைக்க ஷீபா ஒரு பையில் சில்லறைச் சாமான் வைத்திருக்கிறாள், அதிலிருந்து ஒரு ரப்பர் வாத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள், "இதப் போட்ருங்க அத்தை." அதற்குள் ஏரியில் ஏதோ பறவை இறங்கியது, மூன்று பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நானும் பெட்டியும் வாத்தும். வாத்தைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பாத்திரம் எதுவும் வெறுமனே திரும்பிப் போனதில்லை. எதிர்வீட்டு மும்தாஜக்கா நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்ட தூக்கை நான் கழுவிக் கொடுத்ததில்லை, எதையாவது போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன், ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சீனி, ஒரு கட்டு முருங்கைக்கீரை. தின்கிற பொருளாக ஏதாவது இருக்க வேண்டும். யாரோ ஒருத்தி பட்டை அடுக்கி எனக்காக வைத்த பெட்டி இது, அவள் வீட்டுப் பாத்திரம் மாதிரிதானே, அதில் ரப்பர் வாத்தையா போடுவது. என் கைப்பைக்குள் அந்த எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளங்கை அகலம். உள்ளே ஆறு முந்திரிக்கொத்து, ஊரிலிருந்து சுட்டுக் கொண்டுவந்ததில் மிச்சம். ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் வைத்து ஆசீர் கையில் கொடுக்கலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். நேற்று ஷீபா "முந்திரிக்கொத்து இன்னும் இருக்கா அத்தை" என்று கேட்டபோது தீர்ந்துபோச்சும்மா என்று சொல்லிவிட்டேன், அதற்கு உம்மிடம் ராத்திரியே மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து அந்தப் பச்சைப் பெட்டியில் வைத்து மூடினேன். சந்தோசத்தில் கை நம்மைக் கேட்பதில்லை. பட்டைகளைப் பழையபடி அடுக்கினேன். நன்றாகவே அடுக்கினேன்.

மலை இறங்குகிறது. வாத்து என் சேலை மடிப்பில் கிடக்கிறது. பாசிப்பயறு வறுத்த வாசம், ஏலக்காய், சுக்கு, கருப்பட்டிப் பாகு. என் மாமியாரே அந்த வாசத்துக்கு மூன்றாம் வீட்டிலிருந்து எழுந்து வருவார்கள், அவர்களுக்கு மூக்கு அவ்வளவு கூர்மை என்று யாரும் சொன்னதில்லை. கரடிக்கு மைல் கணக்கில் தெரியுமாம், ஆசீர் சொல்கிறான், எத்தனை மைல் என்று நான் கேட்கவில்லை. டப்பா, அதன் மேல் இரும்புப் பெட்டி, அதன் மேல் பட்டை. மூன்று மூடி. மூன்று மூடி போதாதா. போதாது, கார் கதவு. அதிலும் டப்பா மூடியில் என் பெயர் வெட்டியிருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கினபோது பெயர் வெட்டட்டுமா என்று கடைக்காரன் கேட்டான், இங்கிலீஷ்ல வெட்டுனா நல்லா விழும்க்கா என்றான், அந்த மிஷினை வைத்து கிர்ரென்று புள்ளி புள்ளியாக ஜெ. வேதக்கனி என்று இங்கிலீஷில் வெட்டிக் கொடுத்தான். கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பாத்திரம் மாறிவிடாமல் இருக்க அது உதவும். இங்கே எதற்கு உதவும். கரடி வரும், தின்னும், ருசி காணும், பிள்ளைகள் விளையாடுகிற ஏரிக்கரைக்கு மறுபடி வரும், சுட்டுவிடுவார்கள், பக்கத்தில் ஒரு டப்பா கிடக்கும், எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். யார் இந்த ஜெ. வேதக்கனி. தாளிலும் இருக்கிறது, தமிழில். விசா. ஆசீரின் வேலை. ஷீபாவின் லைசென்ஸ். வேண்டாம், போலீசை நினைக்கவில்லை, கரடியைத்தான் நினைக்கிறேன், இல்லை, இரண்டையும்தான் நினைக்கிறேன், உம்மிடம் என்ன மறைப்பு. சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது. நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் தங்குகிற இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அது கூட இல்லை. ஆசீர் பியூலாவுக்கு போட்டோ அனுப்பியிருக்கிறான், நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், 'இன்னைக்கு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க' என்று எழுதியிருக்கிறான், அவள் கோயம்புத்தூரில் தூங்குகிற நேரத்தில் எழுந்து கைதட்டல் பொம்மையாக அனுப்பியிருக்கிறாள். சொன்னால் அது அழிந்துபோகும். மறுபடியும் நான், ஒன்றும் தெரியாத அம்மா, ஸ்வெட்டரைப் போட்டு ஓரமாக உட்கார வைக்கிற அம்மா. வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இழுத்தால் நேரம்தான் ஆகும். இங்கே நான் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சக்கரம் உருண்டு தூரமாகவும் ஆகிறது. அதனால், இயேசப்பா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்துக் கரடிக்கு ஜலதோஷம் கொடும். பெரிதாக வேண்டாம், மூக்கடைப்பு போதும். ஆவி பிடித்துவிட அதற்கு யாரும் இல்லை என்று தெரியும், அதனால் இன்றைக்கு மட்டும்.

ஒரே ஒரு கரடியைத்தான் நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒருவன் கூட்டிக்கொண்டு வந்தான். மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு. அவன் கயிற்றை அசைத்தால் அது இரண்டு காலில் எழுந்து நிற்கும், தலையை இங்கும் அங்கும் ஆட்டும், ஆட்டம் என்று நாங்கள் நினைத்தோம், வலித்திருக்கும். முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்து விற்பான், பிள்ளைகள் ராத்திரி பயப்படாமல் இருக்க. வேதக்காரங்க வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். நான் பின்பக்கமாக ஓடிப்போய் முன்னால் நின்றேன். கையில் கருப்பட்டித் துண்டு, நான் தின்றுகொண்டிருந்தது. அவன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டவில்லை, அதுதான் தலையைத் தாழ்த்தி என் உள்ளங்கைக்கு வந்தது. சூடான மூச்சு, ஈரம். நாக்கு சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்தேன், மெத்தென்றிருந்தது. அது சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்னக் கண்ணு, அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொத்தான் மாதிரிக் கண்ணு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை. அவன் கயிற்றை இழுத்தான், போய்விட்டது. அன்று ராத்திரி ஜெபத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் கரடியையும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கயிறு அறுந்து அது எங்காவது காட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ரொம்ப நாள் கேட்டேன், அப்புறம் மறந்துவிட்டேன், பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது. இங்கே இருக்கிற கரடிகளுக்குக் கயிறு இல்லை. நான் கேட்ட மாதிரியே, மூக்கு முழுசாக, இஷ்டம் போல மலையில் நடக்கின்றன. அதில் ஒன்று இப்போது தலையைத் தூக்கி மோந்து பார்க்கிறது. சின்னக் கண்ணு. கருப்பட்டி. "அப்போ ஒரு கரடியக் கொல்லணும்னா துப்பாக்கி வேண்டாம், ஒரு முறுக்கு போதும்னு சொல்லு" என்று முன்னாலிருந்து இவர் சிரிக்கிறார். நான் மடியைப் பார்க்கிறேன். நாரெல்லாம் சட்டிக்குள் இருக்கிறது, பீன்ஸ் குப்பைப் பையில் கிடக்கிறது.

"ஷீபா, வண்டியத் திருப்பணும்மா." என் குரல்தானா. இவர் தலையைத் திருப்பாமல், "என்னளா, பாத்ரூமா? அதான் கூடவே வருதே" என்கிறார். "பாத்ரூம் இல்ல. காலைல பாத்த பெட்டிக்குப் போகணும்." ஆசீர் போனைக் கீழே வைக்கிறான். "எதையும் விட்டுட்டியாம்மா?" "விடல. வச்சுட்டேன்." என்ன வைத்தாய் என்று யாரும் கேட்பதற்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டது, டப்பா, மூடி, பெயர், மும்தாஜக்கா தூக்குவாளி, கரடி, சின்னக் கண்ணு, போலீசு, எந்தக் கரடி என்று இவர் கேட்க மூன்றாம் வகுப்புக் கரடி என்று நான் சொல்ல, சேலை மடிப்பிலிருந்து வாத்தை எடுத்து சாட்சிக்கு மேஜை மேல் வைத்தேன். பிறகு ஷீபா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "முந்திரிக்கொத்தா?" "ஆமாம்மா." "நேத்துக் கேட்டப்போ தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க." நான் வாத்தைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "மாட்டுனா" என்றார் இவர். "எத்தனை அத்தை?" "ஆறு." ஷீபா ஒரு வளைவைத் திருப்பினாள். "கரடிக்கு ஆறு. மருமகளுக்கு ஒண்ணு கூட இல்ல. நல்லாருக்கு." கண்ணாடியில் கண் மட்டும்தான் தெரிகிறது, கோபமா இல்லையா என்று கண்ணை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது. ஆசீர் தலையைக் கவிழ்த்து நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பிள்ளையை அழ வைத்துவிட்டேனே என்று கையை நீட்டி அவன் தலையைத் தொட்டேன். நிமிர்ந்தான். ஒரு பக்கத்துக் கண் சுருங்கியிருந்தது, மற்றதில் தண்ணீர், சிரிப்பு அடங்காமல் மூச்சு வாங்கினான். "வாத்துக்குப் பதிலா முந்திரிக்கொத்து" என்றான், மறுபடி கவிழ்ந்துகொண்டான். "நாலு மணிக்கு இடம் போயிருமேடா" என்றேன். "போட்டும்மா. வேற இடம் பாப்போம். வீடுதான் பின்னாலேயே வருதே."

ஆனால் வீட்டைத் திருப்ப வேண்டுமே. சின்னக் காராக இருந்தால் சொன்ன நிமிஷத்தில் திரும்பிவிடும், இது ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். "இங்க வேண்டாம்மா, இன்னும் கொஞ்சம் போ, அகலம் வரும்" என்று இவர் சொல்ல, "தெரியும் மாமா" என்று ஷீபா சொல்ல, ஒரு வளைவில் சரளைக்கல் போட்ட அகலம் வந்தது. இவர் கேட்காமலே இறங்கிவிட்டார். வண்டியின் பக்கவாட்டில் கையால் தட்டுகிறார், டிப்போ வாசலில் தட்டுவது போலவே, "வரட்டும், வரட்டும், வரட்டும், ஹோல்டேன்." பின்னால் கேமரா இருக்கிறது, ஷீபாவுக்கு இந்தத் தட்டல் எதுவும் தேவையில்லை என்று எனக்கே தெரியும், அவள் ஒவ்வொரு தட்டலுக்கும் நின்று, ஒவ்வொரு வரட்டுமுக்கும் வந்தாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ஒன்ன டிப்போவுல சேத்துக்கலாம்" என்றார் இவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அவள் காது சிவந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னை இவர் சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒன்றும் சொன்னதில்லை, போகட்டும். மலை இப்போது ஏறுகிறது. அதே மரங்கள் எதிர்ப்பக்கமாக வருகின்றன. இதற்கிடையில் கரடி எங்கே வந்திருக்கும். நான் கண்ணை மூடவில்லை, மூடினால் அது நடக்கிறது தெரிகிறது.

கரடி இல்லை. எங்கள் வண்டியை விடப் பெரிய ஒரு வண்டி நிற்கிறது, பின்னால் இரண்டு சைக்கிள் தொங்குகிறது. விழுந்த மரத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், என் வயசு, கொஞ்சம் கூட இருக்கலாம், பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு வீட்டுக்காரர். எங்களைக் கண்டதும் அந்தம்மா சட்டென்று எதையோ காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தாடிக்காரர் வானத்தைப் பார்த்தார். நாங்கள் வழிப்போக்கர்கள் என்று நினைத்து மறைக்கிறார்கள். ஆசீரும் அவர்களை வழிப்போக்கர்கள் என்று நினைத்துக்கொண்டு பறவை பார்க்கிறவன் போலக் கழுத்தை நீட்டினான். எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல நிற்கிறோம், ஆனால் அந்தம்மாவின் கன்னம் அசைகிறது, மெல்லுகிறார்கள், எனக்கு வாசம் வந்துவிட்டது, பாசிப்பயறு. நேராகப் போனேன். "மை டப்பா" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான் அந்த நேரத்துக்கு வந்தது. அந்தம்மா மென்றதை விழுங்கிவிட்டு, டப்பாவை எடுத்து, மூடியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "வெடாக்கானி?" என்றார்கள். என் பெயர் இவ்வளவு தூரம் வந்து இப்படித் திரும்பி வந்தது. தலையை ஆட்டினேன். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஆசீர் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னான். "சாப்பாடு பெட்டிக்குள்ள இருக்கக் கூடாதுன்னு இவங்க எடுத்துட்டுப் போகத்தான் பாத்தாங்களாம்மா. வாசனை விடலையாம். இவங்க ரெண்டு, அவரு ஒண்ணு." மூடியை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். தாடிக்காரர் தன் வண்டியின் இரும்புப் படியைக் காட்டி, கையால் இரண்டு தட்டுத் தட்டுவது போலச் செய்தார். இவர் அதைப் பார்த்துவிட்டு முன்னே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சம் மூன்று. ஒன்றை எடுத்து நேராக ஷீபா வாயிலேயே வைத்தேன், அவள் கை நீட்டுவதற்குள். "மன்னிச்சுக்கம்மா." அவளால் பேச முடியவில்லை, வாய் நிறைய. ஒன்று ஆசீருக்கு. ஒன்றை இவர் பாதியாக உடைத்து எனக்குக் கொடுத்தார். நான் கொண்டுவந்திருந்த வாத்தைப் பச்சைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பட்டைக்கு அடியில் வைத்தேன். அந்தம்மா அதற்குள் டப்பாவை வாங்கிக்கொண்டு தங்கள் வண்டிக்குள் போய்விட்டார்கள். உள்ளே தண்ணீர் திறக்கிற சத்தம், அலமாரி சத்தம். கழுவித்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து இரண்டு கையாலும் கொடுத்தார்கள். டப்பா கனத்தது. நான் எதுவும் கேட்கவில்லை, கொடுத்தவர்கள் முன்னால் திறந்து பார்ப்பதில்லை, அவர்களும் திறக்கச் சொல்லவில்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சோப்பு வாசமும் ஏலக்காய் வாசமும் சேர்ந்து வந்தது.

வண்டி மறுபடி மலை இறங்குகிறது. நாலு மணி எப்போதோ போய்விட்டது. இவர் படியில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தார். உள்ளே பழம், நாவல்பழ நிறம், பட்டாணி பெரிசு, விளிம்பு வரைக்கும். ஆசீர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "காட்டுலயே பறிக்கிறதும்மா, கடையில கிடைக்காது. கரடிக்கு இதுன்னா உயிரு. பனி விழுறதுக்கு முன்னால மலை மலையா மோந்து மோந்து தேடித் தின்னுமாம், இத வச்சுத்தான் குளிர்காலம் முழுசும் தூங்குமாம். இருட்டுறதுக்குள்ள தீத்துருங்க எல்லாரும், வண்டிக்குள்ள வாசனை இருக்கக் கூடாது" என்கிறான். தீர்க்கிறோம். ஷீபா வாயைத் திறக்க, நான் பின்னாலிருந்து எட்டி ஒவ்வொன்றாகப் போடுகிறேன், இவர் தானே எடுத்துக்கொள்கிறார், கேட்டால் எடுக்கவில்லை என்கிறார், நாக்கு ஊதா நிறத்தில் இருக்கிறது. புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு தித்திப்பு. ஆட்டுக்குட்டி மேஜையில் நிற்கிறது, வளைவுக்கு விழுகிறது, ஆசீர் எடுத்து நிறுத்துகிறான், விழுகிறது, நிறுத்துகிறான். இயேசப்பா, ஸ்தோத்திரம். எல்லாவற்றுக்கும். ஒன்றை மட்டும் மறக்கப் பார்த்தேன். அந்தக் கரடிக்கு நான் கேட்ட ஜலதோஷம். கொடுத்துவிட்டீர் என்றால் தயவுசெய்து இப்போதே எடுத்துவிடும். மூக்கடைத்துக்கொண்டிருந்தால் அதற்கு இந்தப் பழம் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்.